பாதத்தில் ஊமைக்காயம்: அடிபட்ட நிமிடத்திலிருந்து மறுபடி நடக்கும் நாள் வரை

தோல் கிழியாமல், ரத்தம் வெளியே வராமல், உள்ளே மட்டும் அடிபட்டு நீலம் பாரித்துக் கிடக்கும் காயத்தை ஊமைக்காயம் என்று சொல்வது வழக்கம். அந்தப் பெயர் ரொம்பப் பொருத்தம். வெட்டுக்காயம் எவ்வளவு ஆழம் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். ஊமைக்காயம் வாய் திறக்காது. சதை மட்டும் கன்றியிருக்கிறதா, எலும்பிலும் விரிசல் விழுந்திருக்கிறதா என்பதை நாம்தான் தொட்டும் நடந்தும் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சமையலறையில் கேஸ் சிலிண்டரை உருட்டி வைக்கும்போது அது கை நழுவி என் இடது புறங்காலில் இறங்கியது. வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ; இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து தைலம் போட்டு அழுத்தி உருவிவிட்டார். அத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். இரண்டுமே பாசத்தில் செய்தது, இரண்டுமே அந்த நேரத்தில் செய்யக்கூடாதது. சாயங்காலத்துக்குள் காலைச் செருப்புக்குள் நுழைக்க முடியவில்லை. "விரலை அசைக்க முடியுதுல்ல, அப்போ எலும்புக்கு ஒண்ணுமில்ல" என்று எல்லோரும் சொன்னதை நம்பி இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில், இரண்டாவது விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பில் விரிசல்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். காயத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கன்னங்கரேலென்று பயமுறுத்துகிற கால் பத்து நாளில் சரியாகிவிடலாம். லேசாக நீலம் பூத்த காலுக்குள் எலும்பு விலகியிருக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. தொடையில் அடிபட்டால் தாங்கிக்கொள்ளச் சதை இருக்கிறது. புறங்காலில் தோலுக்குக் கீழே நரம்பு, தசைநாண், உடனே எலும்பு. அதனால்தான் ஒரு சொம்பு விழுந்தால்கூட உயிர் போகிற மாதிரி வலிக்கிறது.

அடி விழுந்த இடத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்து, ரத்தம் திசுவுக்குள் கசிந்து நிற்கும். இதைத்தான் ரத்தக்கட்டு என்கிறோம். முதலில் சிவப்பு, சில மணி நேரத்தில் நீலம் அல்லது ஊதா. அப்புறம் உடம்பு அந்த ரத்தத்தை மெல்ல மெல்ல உடைத்து அப்புறப்படுத்தும்போது சிவப்பணுவின் நிறமி முதலில் பச்சையாகவும் பிறகு மஞ்சளாகவும் மாறும், கடைசியில் பழுப்பாக மங்கிப்போகும். நம்மூர்த் தோலில் இந்தப் பச்சையும் மஞ்சளும் பெரும்பாலும் சரியாகத் தெரியாது. அடர்ந்த பழுப்பு அல்லது கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். அதனால் மாநிறமோ கறுப்போ உள்ளவர்கள் நிறத்தைவிட வீக்கத்தையும் தொட்டால் வலிக்கிற இடத்தையும் கவனிப்பது நல்லது.

இன்னொன்று. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் அடிபடாத விரல்களும் நீலமாக இருக்கும். பலர் இதைப் பார்த்துக் காயம் பரவுகிறது என்று பதறுகிறார்கள். கசிந்த ரத்தம் தரையை நோக்கித்தானே இறங்கும்? புறங்காலில் பட்ட அடி விரலிடுக்கில் வந்து நிற்கும். கணுக்கால் பிசகினால் குதிகால் ஓரமாக நீலக்கோடு விழும். வலியும் வீக்கமும் குறைந்துகொண்டே வரும்வரை இந்த நகர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடம்

உட்காருங்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நாலு எட்டு நடப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதைச் செய்யாதீர்கள்.

உட்கார்ந்ததும் முதல் வேலை, மெட்டியைக் கழற்றுவது. ஐஸ், களிம்பு எல்லாம் அதற்குப் பிறகு. வீக்கம் ஏறிவிட்டால் மெட்டி விரலை இறுக்கும். இறுக இறுக விரலுக்கு ரத்தம் போவது குறையும். அடி பெருவிரலில்தானே, மெட்டி அடுத்த விரலில்தானே என்று விட்டுவிடாதீர்கள், வீக்கம் எல்லா விரலுக்கும் வரும். வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ தடவி, காலைச் சற்று நேரம் உயர்த்தி வைத்து, சுழற்றிச் சுழற்றி எடுங்கள். அப்படியும் வரவில்லை, விரல் நுனி நீலமாகவோ வெளுத்தோ போகிறது என்றால் மருத்துவமனையில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மெட்டியை வெட்டுவதா என்று தயங்க வேண்டாம். கொலுசையும், ஷூ போட்டிருந்தால் அதையும் சாக்ஸையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து தோலைப் பாருங்கள். எங்காவது சிராய்ப்போ கிழிசலோ இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மண், துரு பட்ட காயமாக இருந்து, கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலோ எப்போது போட்டோம் என்பதே நினைவில்லை என்றாலோ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தோல் கிழிந்து அதன் கீழே எலும்பும் முறிந்திருந்தால் அது அவசர சிகிச்சை, அன்றைக்கே போயாக வேண்டும்.

எலும்பா, சதையா: விரல் நுனியால் ஒரு சோதனை

இதுதான் முக்கியமான கட்டம். பொறுமையாகச் செய்யுங்கள்.

கனடாவின் ஒட்டாவா நகரத்தில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992இல் ஒரு எளிய விதிமுறையை வெளியிட்டார்கள். கணுக்காலில், நடுப்பாதத்தில் அடிபட்டு வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, யாருக்கு மட்டும் எடுத்தால் போதும் என்பதை முடிவு செய்ய உருவானது. அவசரச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் நாமும் செய்து பார்க்கலாம்.

அடிபட்ட பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலில் தொடங்கி குதிகாலை நோக்கி விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய பாதி தூரத்தில் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதை அழுத்துங்கள். பிறகு உள் ஓரத்தில், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குக் கொஞ்சம் முன்னாலும் கீழேயும் இன்னொரு முண்டு இருக்கும். பாத வளைவின் உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அழுத்துங்கள். இந்த இரண்டில் எங்காவது "ஆ" என்று காலை இழுத்துக்கொள்ளும்படி வலித்தால் எக்ஸ்ரே தேவை. கணுக்காலிலும் வலி என்றால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகளின் நுனியையும், அதற்கு மேலே 6 செ.மீ. உயரத்துக்குப் பின்விளிம்பையும் அதே மாதிரி அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக நான்கு எட்டு. நொண்டிக்கொண்டு நடந்தாலும் பரவாயில்லை, அந்தக் காலில் பாரம் போட்டு நான்கு எட்டு வைக்க முடிகிறதா? அடிபட்ட உடனேயும் முடியவில்லை, கொஞ்ச நேரம் கழித்து முயன்றபோதும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் இந்த விதிமுறைக்கு எல்லை உண்டு. விரல்களையும் விரலுக்குப் பின்னால் உள்ள முன்பாதத்தையும் இது கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு விரிசல் விழுந்தது அந்த இடத்தில்தான். கனமான பொருள் முன்பாதத்தில் விழுந்து, ஒரே ஒரு புள்ளியில் எலும்பின் மேல் அழுத்தினால் குத்துகிற மாதிரி வலித்தால், நடக்க முடிந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளிடமும், பாதம் மரத்துப்போனவர்களிடமும், குடித்திருப்பவர்களிடமும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அவர்களுக்கு வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாது, அல்லது வலியே தெரியாது.

விரலை அசைக்க முடிகிறது என்பது எதற்கும் சான்று இல்லை. விரலை இழுக்கும் தசைகள் முழங்காலுக்குக் கீழேயும் இருக்கின்றன. எலும்பில் விரிசல் இருந்தாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

உள்ளங்காலில் நீலம் தெரிந்தால்

புறங்கால் நீலமாவது சாதாரணம். உள்ளங்காலில், பாதத்தின் நடுப்பகுதியில் நீலம் பூத்தால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதத்தின் நடுவில், விரல்களை நோக்கிப் போகும் நீள எலும்புகளும் பின்னால் உள்ள சிறிய எலும்புகளும் சேரும் இடத்தில் வலுவான தசைநார்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழாக் லிஸ்ஃப்ராங்க் பெயரால் இதை லிஸ்ஃப்ராங்க் மூட்டு என்கிறார்கள். குதிரையிலிருந்து விழும்போது சேணத்தின் மிதிவளையத்தில் கால் மாட்டிக்கொள்வது இந்த மூட்டு முறுக்கிக்கொள்ள ஒரு வழி. இன்றைக்கு மாடிப்படியில் கடைசிப் படியைத் தவறவிடுவது, சாலைப் பள்ளத்தில் முன்பாதம் மட்டும் மாட்டி உடம்பு முன்னால் சாய்வது, பைக் சரிந்து பாதம் அடியில் சிக்குவது என்று வழிகள் பல. நீலம் உள்ளங்காலில், வலி நடுப்பாதத்தில், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கினால் தாங்க முடியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் "சுளுக்குதான்" என்று யார் சொன்னாலும் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

இது எக்ஸ்ரேயிலும் தப்பிவிடக்கூடிய காயம். படுத்த நிலையில் எடுத்த படத்தில் எலும்புகள் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும். பாரம் போட்டு நின்றால்தான் இடைவெளி விரியும். ஆகவே "நின்ற நிலையில், இரண்டு பாதத்தையும் எடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று கேட்கலாம், தப்பில்லை. கவனிக்காமல் விட்டால் பாத வளைவு இறங்கி, வருடக்கணக்கில் மூட்டு வலி நிற்கும். ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது உள்ளங்கால் நீலமாக இருக்கட்டும்.

உயரத்திலிருந்து குதித்தோ விழுந்தோ குதிகாலில் அடிபட்டு, நீலம் குதிகாலிலிருந்து உள்ளங்காலுக்கு இறங்கினால் அது குதிகால் எலும்பு முறிவின் அடையாளமாக இருக்கலாம். மரத்திலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ விழுந்தவருக்குக் குதிகாலோடு முதுகெலும்பும் நசுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. இடுப்பு வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாமல், படுத்த நிலையிலேயே 108 வரும்வரை வைத்திருங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்: பாதம் கோணியிருப்பது; விரல்கள் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போவது; வீக்கம் கல் மாதிரி இறுகி, மாத்திரை போட்டும் வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறுவது, விரலை வேறொருவர் மெல்ல நீட்டினாலே அலறத் தோன்றுவது. இந்தக் கடைசி நிலையில் பாதத்துக்குள் அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போவது தடைபட்டிருக்கலாம். வாகனம் ஏறிய காலுக்கும் கனமான பொருளுக்கு அடியில் நசுங்கிய காலுக்கும் இந்த ஆபத்து அதிகம். விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

முதல் இரண்டு நாள்

மேலே சொன்னது எதுவும் இல்லை, சதைதான் கன்றியிருக்கிறது என்று தெளிவானால் வீட்டு வைத்தியம் போதும். ஓய்வு, குளிர், கட்டு, உயர்த்தி வைப்பது. அமெரிக்க மருத்துவர் கேப் மர்கின் 1978இல் இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னார், உலகம் முழுக்க மனப்பாடமாகிவிட்டது. பல வருடம் கழித்து அவரே, அளவுக்கு மீறிய ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆக, ஐஸ் வலிக்காக வைப்பது, அதுவும் அளவோடு.

ஐஸ் கட்டிகளை மெல்லிய துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் உறைந்த பட்டாணிப் பாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது, பாதத்தின் வளைவுக்கு ஏற்ப உட்காரும். 15 நிமிடம், மிஞ்சினால் 20. எடுத்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி. ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் சூட்டில் வெந்த மாதிரி தோல் வெந்துபோகும். ஐஸ் இல்லாத வீட்டில் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டு, சூடாக ஆக மாற்றிக்கொண்டிருந்தாலும் வலி குறையும்.

கட்டுப் போட 10 செ.மீ. அகலக் கிரேப் பேண்டேஜ் வாங்குங்கள். விரல்களுக்குப் பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். கட்டி முடித்ததும் ஒரு நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டால், அல்லது விரல் குறுகுறுத்தால், அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். தூங்கும்போது கட்டு வேண்டாம்.

காலை உயர்த்துவது என்றால் முக்காலியில் நீட்டி வைப்பது இல்லை. நெஞ்சு மட்டத்துக்கு மேலே பாதம் இருக்க வேண்டும். படுத்துக்கொண்டு இரண்டு தலையணையை அடுக்கி வையுங்கள். எனக்கு மற்ற எதைவிடவும் இதுதான் வீக்கத்தைக் குறைத்தது. செலவும் இல்லை.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது உருவுவது. உடைந்த ரத்தக்குழாய் அடைபட முயன்றுகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் மறுபடி கசியும். எலும்பில் விரிசல் இருந்தால் விலகவும் செய்யும். வெந்நீர், உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளுக்கு வேண்டாம். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தை ஏற்றும். மூன்றாம் நாளுக்கு மேல், வீக்கம் ஏறுவது நின்ற பிறகு, அதே உப்பு ஒத்தடம் இதமாக இருக்கும். பாட்டி சொன்ன வைத்தியத்தில் தப்பில்லை, நாள்தான் முக்கியம்.

மஞ்சள் பற்று, புளிப் பற்று போடலாமா என்று கேட்பார்கள். தோல் கிழியாத இடத்தில் ஆறவைத்துப் போட்டால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அடியில் தோலின் நிறம் எப்படி மாறுகிறது என்பதை அது மறைத்துவிடும். மருத்துவரிடம் போவதாக இருந்தால் போடாமலே போங்கள். நாட்டுக்கட்டு, புத்தூர்க் கட்டு என்று கிளம்புகிறவர்கள் தயவுசெய்து முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் விரலுக்கு ரத்தம் நின்றுபோகும். கட்டியது யாராக இருந்தாலும், விரல் மரத்தால் அந்த நொடியே அவிழ்க்க வேண்டும்.

மாத்திரையும் களிம்பும்

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மி.கி. ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில். நாளொன்றுக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது. கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மருந்துக் கடையில் "கால் வலி" என்று மட்டும் சொன்னால் இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உங்களுக்கு உள்ள மற்ற நோய்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. புதிதாக அடிபட்ட வலிக்கு மாத்திரையை விட மேலே பூசும் மருந்தை முதலில் முயலலாம் என்று அமெரிக்க மருத்துவர் சங்கங்களின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. வோலினி மாதிரி ஜெல்களில் இருக்கும் முக்கிய மருந்து இதுதான். பட்டாணி அளவு எடுத்து, தேய்க்காமல் பூசிவிட்டு விடுங்கள். சுரீரென்று வாசனை அடிக்கும் தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் அதை நிறையப் பூசினால் ரத்தக்கசிவு கூடும். இந்த மாத்திரைகளோ குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவையோ எடுப்பவர்களுக்கு லேசான அடியிலேயே பெரிய ரத்தக்கட்டு வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்கு ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரை அழைத்துக் கேளுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து

வீக்கம் இறங்கத் தொடங்கியதும் காலைச் சும்மா வைத்திருக்காதீர்கள். படுத்தபடியே பாதத்தை உங்களை நோக்கி இழுத்து, பிறகு கீழே தள்ளுங்கள். மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து தடவை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது தேங்கிய நீரை மேலே தள்ளும். அப்புறம் பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். கணுக்கால் எல்லாத் திசையிலும் அசைய இதைவிட நல்ல வழி இல்லை. என் பையன் எதிரே உட்கார்ந்து என்ன எழுத்து என்று கண்டுபிடிப்பான். ஔ வருவதற்குள் கால் சூடாகிவிடும்.

நடக்கும்போது கைத்தடி வைத்துக்கொண்டால் அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இடது கால் என்றால் வலது கையில். பெரும்பாலானோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். ஹவாய்ச் செருப்பு வேண்டாம், விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் புறங்கால் வலிக்கும். அடிப்பாகம் வளையாத, பின்பட்டை வைத்த செருப்பு சரி. வண்டி ஓட்டுவதை அவசரப்படுத்தாதீர்கள். வலது காலால் திடீரென்று பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடியுமா என்று நின்ற வண்டியில் சோதித்துப் பாருங்கள். இடது கால் என்றால் கியர் மாற்றும்போது புறங்காலில் அழுத்தம் விழும்.

சின்ன விரல் ஒன்றில் அடிபட்டிருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்டரால் ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் பஞ்சு வையுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துப் புண்ணாகும். பெருவிரலுக்கு இந்த வைத்தியம் போதாது. நடக்கும்போது விரல்களில் அதிகப் பாரத்தைத் தாங்குவது அதுதான், அதில் முறிவு சந்தேகம் இருந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

சாதாரண ரத்தக்கட்டு இரண்டு வாரத்தில் மங்கிவிடும். பாதத்தில் மூன்று, நான்கு வாரம்கூட இழுக்கும், கீழே இருக்கும் உறுப்பு அல்லவா. நிறம் போன பிறகும் அழுத்தினால் வலி, ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் எலும்பின் உள்பகுதி கன்றியிருக்கலாம். அது எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும், ஆற சில மாதம் ஆகலாம்.

அடியே படாமல் முன்பாதம் வீங்கி வலித்தால் வேறு கதை. பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ நாள் கணக்கில் வெறுங்காலோடு பாதயாத்திரை போனவர்கள், திடீரென்று ஓட்டப்பயிற்சியைக் கூட்டியவர்கள், இவர்களுக்கு நீள எலும்பில் மயிரிழை விரிசல் வரும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அகப்படாமலே இருக்கலாம். படம் நன்றாக இருக்கிறது என்றதும் மறுபடி ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.

நகத்துக்கு அடியில் ரத்தம்

பெருவிரலில் கல் விழுந்தால் நகம் கறுத்து, நெஞ்சு துடிக்கிற தாளத்தில் விண்விண் என்று தெறிக்கும். ரத்தம் வெளியேற இடமில்லாமல் நகத்தை முட்டுவதால் வரும் வலி அது. முதல் ஓரிரு நாளுக்குள் போனால் மருத்துவர் நகத்தில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடிப்பார், வலி அந்த இடத்திலேயே இறங்கிவிடும். ஊசியைச் சூடாக்கி வீட்டில் துளைக்க வேண்டாம். அடியில் எலும்பு முறிந்திருந்தால் கிருமி நேராக எலும்புக்குப் போகும். வலி இல்லாத கறுப்பு நகத்தை ஒன்றும் செய்யாதீர்கள். அதுவாகக் கழன்று விழுந்தால் விழட்டும், பிடுங்க வேண்டாம். புது நகம் முழுதாக வளர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும்.

ரத்தக்கட்டு என்றால் அந்தக் கறுப்பு, நகம் வளர வளர முன்னால் நகர்ந்து வரும். பெர்மனன்ட் மார்க்கரால் அதன் பின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு மாதாமாதம் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். நகராமல் அதே இடத்தில் நிற்கிறது, அகலமாகிறது, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு இறங்குகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்ததைக் கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். 1977இல் அது தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்த வகைப் புற்றுநோய் அரிதுதான், ஆனால் வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

என் அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு நாள் அவர் பாதத்தில் நெல்லிக்காய் அளவு கறுப்புத் திட்டு. எப்போது இடித்தது என்று கேட்டால், "எங்க இடிச்சுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். பயப்பட வேண்டியது அந்தப் பதிலுக்குத்தான். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களில் பலருக்குப் பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கும்.

வலி தெரியாத கால் எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகத்துக்குப் புரியவைத்ததில் ஒருவர் நம்மூரில் பிறந்தவர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடுத்தடுத்துப் படும் கவனிக்கப்படாத காயங்களால்தான் அழிகின்றன என்று காட்டினார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அதே கணக்குதான். இன்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளின் கால்களைக் காக்கப் பயன்பட்ட அதே மெத்தென்ற நுண்துளை ரப்பர்தான்.

ஆகவே சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் ரத்தக்கட்டு என்றால் வலி இல்லை என்பதைக் காரணம் காட்டாமல் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஐஸும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். இரண்டும் தோலைப் பொசுக்கினாலும் அவருக்குத் தெரியாது. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடக் கையால் தொட்டாலே சூடாக இருந்தால், எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கும் நிலையாக இருக்கலாம். காலை ஊன்றவிடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலை ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது, செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது, இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் நான் செய்துவருகிறேன்.

காய்ச்சலோடு, அடி எதுவும் படாமல், காலில் சிவப்புப் புள்ளிகளோ ரத்தத் திட்டுகளோ தெரிந்தால் அது ஊமைக்காயமே இல்லை. மழைக்காலத்தில் டெங்குவை நினையுங்கள், ரத்தப் பரிசோதனை செய்து தட்டணுக்களைப் பாருங்கள். அதுவரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தொடவே கூடாது, பாராசிட்டமால் மட்டும்.

மெட்டியை எப்போது திரும்பப் போடுவது என்று பலர் கேட்கிறார்கள். காலையில் எல்லோருக்கும் பாதம் சற்று மெலிந்திருக்கும், அப்போது போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரல்கள் ஒரே பருமனாக இருந்தால், மெட்டி எண்ணெய் இல்லாமல் உள்ளே போய் எண்ணெய் இல்லாமல் வெளியே வந்தால், போட்டுக்கொள்ளலாம். எனக்கு அதற்கு ஏழு வாரம் ஆனது.